பிறின்ஸின் சனிக்கிழமைக் குளியல்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் என்னை மிஞ்சக் கொட்டாஞ்சேனையில் ஆள் இல்லை. போன ஞாயிறு பூசை முடிந்து அந்தோனியார் கோயில் வாசலில் நின்றபோது மெற்றில்டா தன் பொமேரியன் நாயைப் பற்றி அளந்துகொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு வளர்ப்புப் பிராணிகளுக்கு ஆசீர்வாதம். அதற்காக நாய்க்குக் கடையில் குளிப்பாம், நக வெட்டாம், கழுத்தில் சிவப்பு ரிபனாம்.

"உங்கட பூனையைக் கொண்டு வர ஏலாதுதானே மாக்ரெட்? பூனை ஒருத்தருக்கும் சொந்தமில்ல. சாப்பாட்டுக்கு வரும், திண்டுட்டுப் போகும்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ட பிறின்ஸா? பேசனுக்குள்ள செம்மறிக்குட்டி மாதிரி இருந்து குளிப்பான். ஆனா என்ட கைக்கு மட்டும்தான் அடங்குவான். வந்து பாருங்க!"

பச்சைப் பொய். மூன்று வருடத்துக்கு முன் என் புருஷன் செபஸ்தியன் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்த குட்டி அவன். வெள்ளை வெளேரென்று இருப்பான். ஆனால் இந்த நான்கு மாதமாகச் சனிக்கிழமை காலையில் காணாமல் போய், மத்தியானம் தலையில் எண்ணெய் மினுங்க வருகிறான். கீழே ரிம்ஸானின் ரோல்ஸ் கடையில்தான் எண்ணெய்ச் சட்டிக்குள் தலையை விடுகிறான் என்று நான் ரிம்ஸானோடு இரண்டு தரம் சண்டை பிடித்திருக்கிறேன். பிறகு பிறின்ஸைப் பிடித்து, குழாயடியில் அமுக்கி, ஷாம்பு போட்டு, கீறல் வாங்கி, எண்ணெயைப் போக்குவேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கூத்து. இப்போதெல்லாம் என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். மெற்றில்டா சொன்னது அதனால்தான் அவ்வளவு சுட்டது. உண்மையிலேயே அவன் சாப்பாட்டுக்கு மட்டும்தான் வருகிறானோ என்ற பயம் எனக்குள் ஏற்கெனவே இருந்தது.

நேற்றுச் சனிக்கிழமை. வழக்கம்போல மத்தியானம் எண்ணெய்த் தலையோடு வந்தான். நாளைக்கு ஆசீர்வாதம்! செபஸ்தியன் பழைய மழைக் கோட்டைப் போட்டு, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி, துறைமுகத்தில் கொடுத்த தோல் கையுறையோடு பாத்ரூமுக்கு வந்தார்.

"பூனையக் குளிப்பாட்டவா போறீங்க, சந்திரனுக்கா?" என்றேன்.

"போன கிழமை என்ட மூக்கைப் பாத்தனீர்தானே? கதைக்காம தண்ணியத் திறவும்" என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

ஷாம்பு தேய்க்கும்வரை எப்படியோ சமாளித்தோம். குழாயைத் திறந்தேன். சர்ரென்று சத்தம் கேட்டதுதான் தாமதம், பிறின்ஸ் மழைக் கோட்டில் ஏறி, ஹெல்மெட்டின் உச்சியில் நின்று, பேய் கத்துவது போலக் கத்தினான். ஹெல்மெட் கண்ணாடியில் நுரை அப்பி, செபஸ்தியனுக்குக் கண் தெரியவில்லை. "எங்க அவன்? எங்க அவன்?" என்று சுழன்றார். "உங்கட தலையில!" என்றேன். பின்னால் சரிந்து பேசனுக்குள் தொப்பென்று உட்கார்ந்தார். கடைசியில் நன்றாகக் குளித்தது அவர்தான். பிறின்ஸ் உடம்பெல்லாம் நுரையோடு கதவு இடுக்கால் பாய்ந்து படியேறி ஓடினான்.

"என்ட அந்தோனியாரே!" என்று நானும் ஒரு காலில் மட்டும் செருப்போடு, ஷாம்புப் போத்தலும் கையுமாகப் பின்னால் ஓடினேன். படி நெடுக நுரைச் சொட்டு. அது மூன்றாம் மாடியில், நான்கு மாதத்துக்கு முன் குடிவந்த சத்தியநாராயணன் வீட்டு வாசலில் போய் நின்றது. புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். படியில் கண்டால் தலையாட்டுவோம், அவ்வளவுதான்.

கதவு திறந்திருந்தது. உள்ளே அவருடைய மனைவி கோமளவல்லி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"குபேரா! என்னடா கோலம் இது? யாருடா உன்ன இப்படி நுரையில முக்கினது?"

குபேரனா! "அது என்ட பிறின்ஸ்" என்றேன், மூச்சிரைக்க.

கோமளவல்லி என் கையிலிருந்த ஷாம்புப் போத்தலைப் பார்த்தாள். கீறல்களைப் பார்த்தாள். "ஐயையோ, நீங்கதானா அது! காலையிலதாங்க குளிச்சான். எதுக்கு மறுபடியும்?"

"குளிச்சானா? எங்க?"

"இங்கதான். சனிக்கிழமைன்னா இவரு எண்ணெய் தேச்சுக் குளிப்பாரு. தலையிலதான் முடியே இல்லையே, உள்ளங்கையில எண்ணெய் மிஞ்சிடும். இவன் காலடியில வந்து உக்காந்துக்குவான். மிச்சத்த இவன் தலையில தடவி, வெதுவெதுன்னு வெந்நீர் ஊத்தி, சாம்பிராணி காட்டுவாரு. ஆனா ஞாயித்துக்கிழமை பாத்தா எண்ணெய் எல்லாம் போயி, ஷாம்பு வாசத்தோட நடுங்கிக்கிட்டு வருவான். எந்தப் பாவி நம்ம பூனையப் பச்சத் தண்ணியில கழுவுறதுன்னு இவரு வாராவாரம் திட்டுவாரு."

"அந்தப் பாவி நான்தான்" என்றேன். பாவம் ரிம்ஸான், ஒரு ரோல்ஸ் சட்டியும் இதில் சம்பந்தப்படவில்லை.

மொட்டைத் தலை மினுங்க வந்த சத்தியநாராயணன் வெந்நீர் வாளியில் விரல்விட்டுச் சூடு பார்த்தார். பிறின்ஸ் தானாகப் போய்ப் பேசனுக்குள் உட்கார்ந்தான். செம்பு செம்பாக ஊற்றினார். கண்ணை மூடிக்கொண்டு இருந்தான், சண்டாளன். நான் மெற்றில்டாவிடம் சொன்ன செம்மறிக்குட்டி அப்படியே என் கண் முன்னால், வேறொருவர் கையில். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னம்மா, சோப்பு கண்ணுல பட்டுடுச்சா?" என்றார்.

"ஓம்" என்றேன். பிறகு ரோசத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்: "நாளைக்குக் கோயிலுக்கு வருவீங்களா? இவன் உங்கட கையிலதானே அடங்குறான்."

"செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துறவங்கதானே நாங்க. வந்துடுறோம்" என்றாள் கோமளவல்லி.

இன்று காலை கோயில் முற்றம் முழுக்க நாய், கிளி, முயல், ஒரு ஆமை. பட்டு வேட்டியில் சத்தியநாராயணன், அவர் கையில் சாம்பிராணி மணக்கப் பிறின்ஸ். ஹெல்மெட் இல்லாத செபஸ்தியன் பத்தடி தள்ளி நின்றார். மெற்றில்டாவின் கண் நேரே அங்கே போனது.

"உங்களுக்கு மட்டும்தான் அடங்குவான் எண்டீங்க? இப்ப இது யார்ட பூனை மாக்ரெட்?"

வாய் அடுத்த பொய்க்கு ஆயத்தமானது. ஆனால் அந்த மனுஷன் பட்டு வேட்டியெல்லாம் பூனை முடி ஒட்டியிருக்க, குழந்தையைப் பிடித்திருப்பது போல நின்றார். மனம் வரவில்லை.

"எங்கட பூனை. ரெண்டு வீட்டுக்கும் பூனை" என்றேன். சொல்லும்போது நெஞ்சு வலித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஃபாதர் எங்கள் முன்னால் வந்தார். "பேர் என்ன?"

"பிறின்ஸ்" என்றேன் நான். "குபேரன்" என்றார் சத்தியநாராயணன், அதே நேரத்தில்.

"சரி, பிறின்ஸ் குபேரன்" என்று சிரித்துக்கொண்டே ஃபாதர் தீர்த்தத்தை வீசித் தெளித்தார். ஒரு சொட்டு நேரே மூக்கில்!

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கே தெரியவில்லை. பட்டு வேட்டி கிழிந்தது. பொமேரியனின் ரிபன் பறந்தது. கிளி சிங்களத்தில் ஏசியது. முற்றத்தில் நூறு பேர் நின்றார்கள். அத்தனை பேரையும் தாண்டி அவன் வந்து விழுந்தது என் தோளில். பத்து நகத்தையும் இறக்கி, கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து, நடுங்கிக்கொண்டு என்னைக் கட்டிப் பிடித்தான். ஜாக்கெட்டில் இரத்தம். எரிந்த எரிவுக்கு நான் சிரித்த சிரிப்பு!

"கண்டீங்களா மெற்றில்டா! கண்டீங்களா!" என்று கோயில் முற்றம் என்றும் பாராமல் கத்தினேன். அவள் ரிபனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சத்தியநாராயணன் கிழிந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு என்னையும் பூனையையும் பார்த்தார். பிறகு ஃபாதரிடம் திரும்பி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"சாமி, அடுத்த வருஷம் தண்ணிய நான் சூடு பண்ணிக் கொண்டாந்துடுறேன்."