தானாய்ப் பற்றிய தூள்

கிடங்கு எரிந்த மறுநாளே முதலாளி பழியைத் தூக்கி அண்ணன் தலையில் போட்டுவிட்டார்.

"உள்ள நின்னு சிகரெட் பிடிச்சிருக்கான். இல்லன்னா இரும்புத்தூள் எப்படிங்க எரியும்?"

கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு இரண்டு கைகளும் வெந்து, வேலையும் போயிற்று. சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்று தலைபாடாய் அடித்துக்கொண்டான். அண்ணிகூட நம்பவில்லை. விரல் மடங்காத புருஷனுக்கு ஊட்டிவிடும்போதெல்லாம் ஒரு குத்தல் பேச்சையும் சேர்த்தே ஊட்டினாள்.

அண்ணன் படிக்க வைத்த தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். எந்தச் சரக்கு எப்படித் தீப்பிடிக்கும் என்று பார்க்கும் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

முதலாளியின் அதே தூள் ஒருநாள் அவள் மேசைக்கே வந்தது. கப்பலில் ஏற்ற வேண்டுமானால், அது தானாகத் தீப்பிடிக்காது என்று சான்று வேண்டும்.

"உங்க அண்ணன் விஷயம் இருக்கேம்மா. வேற யாராவது பண்ணட்டுமா?" என்றார் சோதனைக்கூடத்தின் தலைவர்.

"நானே பண்றேன் சார். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க."

கம்பிவலைப் பெட்டியில் தூளை நிரப்பி, நடுவே வெப்பமானியின் முனையைச் செருகி ஓவனில் வைத்தாள். விதிப்படி நூற்று நாற்பது டிகிரி. சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்க விரல் துடித்தது. வைக்கவில்லை. நேர்மை மட்டுமல்ல காரணம். அந்த ஆள் நுழைந்து தப்பிக்க ஊசித்துளைகூட விடக்கூடாது என்ற வெறி. அன்று தூள் எரிந்தது. மறுநாள் புதுத் தூளை வைத்து, முதலாளியையும் வரவழைத்தாள்.

அவளை யாரென்று தெரியாமல் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஓவன் நூற்று நாற்பதிலேயே நின்றது. தூளின் சூடு மட்டும் அதைத் தாண்டி மெல்ல ஏறியது. இருநூறைத் தாண்டியதும் மளமளவென்று பாய்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பெட்டியின் ஒரு மூலை சிவந்து கனன்றது.

"உள்ள யாரும் சிகரெட் பிடிக்கலையே சார்?" என்றாள்.

முதலாளியின் முகம் வெளிறியது. தலைவர் அறையைவிட்டுப் போனதும் அவளருகே எழுந்து வந்து, "நீ அவனோட தங்கச்சியா?" என்றார்.

"ஆமா."

"பழசை மனசுல வச்சுக்காதம்மா. என்ன வேணும் சொல்லு."

"எங்க வீட்டுக்கு வாங்க. நடந்ததை அண்ணிகிட்ட உங்க வாயால சொல்லுங்க."

"சொன்னா?"

"முதல்ல சொல்லுங்க."

சாயங்காலம் வந்தார். யாரும் உட்காரச் சொல்லாததால் வீட்டுக் கூடத்தின் நடுவே நின்றார். "உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லம்மா. அது தானா சூடேறும்னு எனக்கு அப்பவே தெரியும்."

அண்ணி புருஷனின் கைகளையே பார்த்தாள். அவன் எழுந்து உள்ளறைக்குப் போனான்.

தெருவுக்கு வந்ததும் முதலாளி குரலைத் தாழ்த்தினார். "சொல்லிட்டேன். ரிப்போர்ட்டைப் பார்த்துப் போட்டுடு."

"அது மத்தியானமே போயிடுச்சு சார். ரெண்டு தடவையும் எரிஞ்சதுன்னு."

"அப்போ என்னை எதுக்குடி இங்க இழுத்துட்டு வந்த?"

"நீங்க இப்படி நிக்கிறதைப் பார்க்கத்தான்."

அவர் தலை குனிந்து நடந்து போனதை ஆசை தீரப் பார்த்தாள். வயிறு குளிர்ந்தது.

உள்ளே, சாத்திய கதவுக்கு முன்னால் அண்ணி தேம்பிக்கொண்டிருந்தாள். தாழ் போட அண்ணனுக்கு விரல் மடங்காது. தோளால் தள்ளித்தான் சாத்தியிருந்தான். லேசாகத் தொட்டாலே திறந்துவிடும். தொட அண்ணிக்குத் துணிச்சல் வரவில்லை.

"நீ ஒரு வார்த்தை சொல்லேன், சின்னவளே. நீ சொன்னா கேப்பாரு."

"அவன் சொன்னப்ப நீங்க கேட்டீங்களா அண்ணி?"

சொல்லிவிட்டு, நகத்தடியில் ஒட்டியிருந்த கருந்தூளைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.