காட்டில் பயிர் நிற்கையில் வந்த கிடை

வருடந்தோறும் மாசி பிறந்ததும் ராமநாதபுரத்துப் பெருமாள்சாமி தன் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வடமதுரைப் பக்கம் வந்துவிடுவார். அறுப்பு முடிந்த காடுகளில் ஆடுகள் மேயும். ராத்திரி அங்கேயே ஆடுகளை மடக்கிக் கிடை போடுவார். ஆட்டுப் புழுக்கை விழுந்த மண்ணில் அடுத்த வெள்ளாமை செழிக்கும். அதனால் விவசாயிகள் அவரை, ‘என் காட்டுக்கு வாங்க, என் காட்டுக்கு வாங்க’ என்று போட்டி போட்டுக் கூப்பிடுவார்கள்.

இந்த வருடம் எல்லாமே முன்பின்னாகிப் போனது. ஐப்பசி மழை மார்கழியில்தான் எட்டிப் பார்த்தது. பிந்தி விதைத்த பயிர் மாசியிலும் பச்சையாக நின்றது. பெருமாள்சாமியின் ஊரில் அந்த மழையும் இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. அவர் வேறெங்கே போவார்? வந்தார். வந்த மறுநாளே ஆடுகள் முகேஷ்குமாரின் மக்காச்சோளத்துக்குள் புகுந்துவிட்டன.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் காட்டில் நின்ற முத்துப்பேச்சி ஓடினாள். அவளுடைய கொழுந்தன் முகேஷ்குமார், பெருமாள்சாமியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான். கூட நின்றவர்கள் கையில் கம்பு. பெருமாள்சாமிக்கு உதடு கிழிந்திருந்தது. அவரும் கையிலிருந்த தொரட்டிக் கம்பை விடவில்லை. போன கோடையில் பக்கத்து ஊரில் இப்படியொரு தகராறில் ஒருவனுக்குக் கையே போனது. அதை நினைத்ததும் அவள் இருவருக்கும் நடுவில் புகுந்தாள்.

“குறுக்க வராதீக மதினி! போர்த்தண்ணிய எறைச்சு எறைச்சு வளத்த பயிரு!”

“தப்புதான் தம்பி. தண்ணியக் கண்ணால பாக்காத ஆடு. பச்சையக் கண்டதும் மறிக்க முடியல” என்றார் பெருமாள்சாமி.

முத்துப்பேச்சி தன் கடலைக்காட்டைத் திரும்பிப் பார்த்தாள். பூத்த நேரத்தில் அடித்த வெயிலில் காயே பிடிக்கவில்லை. பறிக்கவும் மனமில்லாமல், அழிக்கவும் மனமில்லாமல் விட்டு வைத்திருந்தாள்.

“அண்ணே, ஆட்ட என் காட்டுக்குள்ள பத்துங்க.”

“கடல நிக்கிதே தங்கச்சி?”

“வெறுங்கொடிதான் நிக்கிது. மேயவிட்டு, கிடை போட்டு என் மண்ணத் தேத்திக் குடுங்க. இவன் அறுத்ததும் இவன் காட்டுலயும் போடுங்க. அழிஞ்சதுக்கு அது ஈடாப் போகும்.”

“மேஞ்சுட்டு ராவோட ராவா ஓடிட்டா?” என்றான் முகேஷ்குமார்.

“ஓடிட்டு அடுத்த வருசம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு தம்பி இங்க வருவேன்?”

முகேஷ்குமார் சட்டையிலிருந்து கையை எடுத்தான். கம்போடு நின்றவர்களும் கலைந்தார்கள்.

சாயங்காலம் ஆடுகள் கடலைக்கொடியை ஆசை ஆசையாக மேய்ந்துகொண்டிருந்தபோது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. முகேஷ்குமார் வரப்பில் நின்று, பெருமாள்சாமியின் முகத்தைப் பார்க்காமலே, “தண்ணித் தொட்டிய நெப்பிட்டேன் மதினி. ஆட்டப் பத்திட்டு வரச் சொல்லுங்க” என்றான்.

அன்றைக்கு முத்துப்பேச்சி கூடுதலாகவே உலை வைத்தாள். மூவரும் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புளிக்குழம்பு உதட்டில் பட்டதும் பெருமாள்சாமி ‘ஸ்ஸ்’ என்றார்.

“அவருக்குத் தயிர ஊத்துங்க மதினி” என்று சொல்லிவிட்டு முகேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தயிரை ஊற்றிவிட்டு, தன் தட்டிலும் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். கடலை பொய்த்ததிலிருந்து அவளுக்கு அப்படிப் பசித்ததே இல்லை.