அக்காவுக்கு ஒரு பழுது வேண்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ஹார்டுவேர் கடையில். பல்பு வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் நின்றிருந்தாள்.

“ஒரே ஆளா பிடிச்சு அளக்கிற மாதிரி டேப் இருக்கா?”

“எந்த டேப்லயும் அளக்கலாம்மா. அந்த முனைய யாராவது பிடிச்சுக்கிட்டா சரி” என்றார் கடைக்காரர்.

“அந்த யாராவது இல்லாமதானே கேக்கிறேன்.”

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகம் என்னை விடவில்லை. (பல்பு வாங்க மறந்துவிட்டேன். அதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘தனிமை என்பது ஒரு…’ சீ, வேண்டாம். அடித்துவிட்டேன்.

அவளை அக்கா என்றே வைத்துக்கொள்வோம். அப்படிக் கூப்பிட ஒரு தங்கை இருந்தாள். அக்கா வாங்கிய வீட்டில் இரண்டு பேரும் பதினொரு வருடம் இருந்தார்கள். எந்தப் பழுது வந்தாலும் அக்கா கையில் ஸ்க்ரூடிரைவர், தங்கை கையில் டார்ச். நாற்பத்திரண்டு வயதில் தங்கைக்குக் கல்யாணம் ஆனது. கிளம்பும் அன்று மின்சார போர்டுக்கு முன்னால் நின்று கேட்டாள்:

“எந்த சுவிட்ச் எந்த ரூமுக்குன்னு எழுதி ஒட்டிட்டுப் போகட்டுமாக்கா?”

“ஒண்ணும் வேண்டாம். நீ இல்லன்னா இந்த வீடு ஓடாதா? போ, போய் உன் வீட்டைப் பாரு.”

கொஞ்சம் நாக்கை அடக்கியிருக்கலாம். எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. (முதல் வரைவில் தங்கைக்குப் பதில் ஒரு கணவனை வைத்திருந்தேன். ஒரு வேலைக்கும் உதவாமல் நின்றான். அனுப்பிவிட்டேன்.)

3

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி அறையின் சுவிட்ச் கருகிவிட்டது. அதை மாற்ற வேண்டுமானால் கீழே போர்டில் அந்த அறைக்கான மின்சாரத்தை அணைக்க வேண்டும். போர்டில் எட்டு சுவிட்ச் இருக்கிறதே, எது? ஒருத்தர் கீழே நின்று ஒவ்வொன்றாக அணைக்க, இன்னொருத்தர் மேலேயிருந்து “போச்சு!” என்று கத்த வேண்டும். தங்கை கத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

‘முடியலன்னா அவளையே கூப்பிட்டுக் கேட்டுடலாம்’ என்று அக்கா நினைத்தாள். நினைத்ததும் நெஞ்சு துள்ளியது. கூப்பிட ஒரு காரணம் கிடைத்துவிட்டதே!

பாழாய்ப்போன மூளை சும்மா இருக்குமா? மாடி அறையில் ரேடியோவைச் செருகி, சத்தமாக வைத்துவிட்டுக் கீழே வந்தாள். ஐந்தாவதை அணைத்ததும் பாட்டு நின்றது. அரை மணி நேரத்தில் புது சுவிட்ச் மாட்டியாயிற்று. பிறகு படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

4

எனக்குப் பொறுக்கவில்லை. எழுதுகிற ஆள் நான். ஒரு குழாயைக் கெடுக்க எனக்கு ஒரு வரி போதும். இதோ: குளியலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியது.

வாஷரை மாற்றிவிட்டாள்.

சமையலறைக் கதவின் கீல் கழன்றது. கதவுக்கு அடியில் பழைய புத்தகங்களை முட்டுக்கொடுத்து ஒற்றை ஆளாக மாட்டிவிட்டாள். மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை உடைந்து…

எழுதி முடிப்பதற்குள் அதையும் சரிசெய்துவிட்டாள். கெட்டிக்காரிதான் தாயே, யார் இல்லை என்றது?

5

வேறொரு முடிவும் எழுதிப் பார்த்தேன்.

“சொல்லுக்கா, என்ன ரிப்பேர்?”

“ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்.”

எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. அக்காவாவது, சும்மா கூப்பிடுவதாவது! ‘உன்னைப் பார்க்கணும்போல இருக்கு’ என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. குழாய், சுவிட்ச் என்றால் ஒரு மணி நேரம் பேசுவாள். தங்கையும் அதே ரகம்தான். தானாகக் கூப்பிட மாட்டாள். அக்கா கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓடிவருவாள். இது எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

ஆகவே வாசகரே, இனி உங்கள் பொறுப்பு. எனக்குத் தெரிந்ததையெல்லாம் உடைத்துப் பார்த்துவிட்டேன். அந்த வீட்டில் எதையாவது, ஒற்றை ஆளால் சரிசெய்யவே முடியாததாகப் பார்த்து, உடைத்துக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டிருக்கிறாள்.