புகையில்லாத அடுப்பு

"மேலேருந்தா பத்த வைக்கப் போறீங்க?"

"மேலேருந்துதான். நெருப்பு மெல்லக் கீழ எறங்கும். பொக மேல வாற வழியில அந்த நெருப்புலயே எரிஞ்சி போகும். போன்ல பாத்தன்."

"போன்ல பாத்துத்தான் ஃபேனயும் கழட்டினீங்க. அது இன்னம் சாக்குலதான் ஈக்கி" என்றாள் மனைவி நூரியா.

புவாட் சிரித்தபடி பெயின்ட் தகரத்துக்குள் ரப்பர் விறகைச் செங்குத்தாக அடுக்கினான். கேஸ் தட்டுப்பாடு வந்ததிலிருந்து அவர்கள் வீட்டில் விறகடுப்புதான். பிள்ளை பெற்று கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நூரியாவுக்கு அந்தப் புகைதான் எதிரி. குழந்தை இருமும்போதெல்லாம் அதைத் தோளில் போட்டு முதுகைத் தடவுவாள். சன்னலைத் திறக்கவும் வழியில்லை. நாற்பது நாள் கழியும்வரை பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக்கூடாது என்று மாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அன்று நெருப்பு புவாட்டின் சொல் கேட்டது. கண் எரியவில்லை. சுவாலை அடங்கியபோது தகரம் நிறையச் சிவந்த கரி.

"இந்தச் சூட்ட வீணாக்கலாமா?" என்று அதைச் சாக்கால் பிடித்துத் தூக்கிவந்து அவள் கட்டிலருகே வைத்தான். கரி சீக்கிரம் தீராதிருக்க மூடியைப் பாதி இழுத்துவிட்டான். சன்னல் இடுக்கில் பழந்துணியை அடைத்தான். கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

மழை பிடித்தது. வெதுவெதுப்பான ஆற்றில் யாரோ தன்னை மெல்ல இறக்குவதுபோல் நூரியாவுக்கு இருந்தது. சுகமாகத்தான் இருந்தது. பிறகு நெற்றிப்பொட்டு தெறிக்கத் தொடங்கியது. சுவரிலிருந்த பல்லி சத்தமில்லாமல் கீழே விழுந்து, மல்லாந்தபடியே கிடந்தது.

குழந்தையின் வாய் மார்பிலிருந்து நழுவியிருந்தது. உள்ளங்காலைச் சுரண்டினாள். சிணுங்கக்கூட இல்லை. தூக்கப் பார்த்தாள், கைகள் வேறு யாருடையவோபோல் மடியிலேயே கிடந்தன.

வெளி விறாந்தையில் புவாட்டின் குரல், பக்கத்து வீட்டு ஸம்சுதீன் நானாவிடம்: "உள்ள வந்து மோந்து பாருங்க நானா. கொஞ்சங்கூடப் பொக இல்ல."

"புள்ளப்பெத்த அறைக்குள்ள நான் எப்பிடிடா வாறது? நீ இங்கேருந்தே சொல்லு."

இருவரும் சிரித்தார்கள். தகரக்கூரையில் மழை வலுத்தது.

நூரியா கட்டிலருகே கனன்ற கரியைப் பார்த்தாள், பிறகு சாத்திய கதவைப் பார்த்தாள். அது விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது. இருந்த மூச்சையெல்லாம் ஒன்றாகத் திரட்டினாள்.

"இஞ்ச பாருங்க… வந்து புள்ளய வெளிய எடுத்துக்கிட்டுப் போங்க."