ஹெர்மியாஸுக்கு மட்டும் இல்லாத கதவுகள்

“கதவு தெறந்துதானே கெடக்கு, உள்ள வாங்கண்ணே.”

“எந்தப் பக்கம் தெறந்திருக்கு, தங்கச்சி?”

“இதென்ன கேள்வி? வீட்டுக்கு இருக்கிறதே ஒரு கதவு. என்னால எந்திரிக்க முடியல. பிள்ளைங்க அழுது அழுது இப்பத்தான் ஓஞ்சிருக்கு. விளையாடாம ரொட்டியக் கொண்டாங்க.”

ஹெர்மியாஸ் விளையாடவில்லை. கெங்கிரேயாத் துறைமுகத்தில், கயிறு திரிப்பவர்கள் தெருவில், விதவை மிர்த்தாலேயின் வீட்டுக்கு அவனைப் பொறுத்தவரை கதவு கிடையாது. ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை வெறும் சுண்ணாம்புச் சுவர். ஜன்னலும் இல்லை. மற்றவர்களுக்கு எல்லாம் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று நேராகச் சுவரை நோக்கி நடந்து, மீசை, முதுகு, வால் என்று அதற்குள் போய் மறைந்தது. அவன் கையை வைத்தால் சுவர் வெயிலில் சுட்டது.

அந்த வருடம் எகிப்திலிருந்து தானியக் கப்பல்கள் வரவில்லை. மாட்டுக்குப் போடும் ஆலிவ் பிண்ணாக்கை மனிதர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஹெர்மியாஸின் கூடையிலோ வாற்கோதுமை ரொட்டிகளும் கொஞ்சம் உலர்ந்த அத்திப்பழமும் இருந்தன. ஊர்க் கிறிஸ்தவச் சபையார் தங்கள் வயிற்றைக் காயப்போட்டுச் சேர்த்தவை.

அவன் அந்தச் சபையின் உதவிக்காரன். வாரத்தின் முதல் நாளில் விசுவாசிகள் பாய்மரத் துணி தைப்பவன் வீட்டில் கூடி ஜெபித்துச் சாப்பிடுவார்கள். வர முடியாத விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் அங்கிருந்து பங்கு போகும். அந்தக் கூடைக்கு இரண்டு கைப்பிடிகள். ஒருவராக அதைத் தூக்கக்கூடாது என்பது ஆரம்பத்திலிருந்தே இருந்த ஏற்பாடு. இருவர் தூக்கிப்போக வேண்டும், திரும்பி வந்து யாருக்கு என்ன கொடுத்தோம் என்று இருவரும் சபை நடுவே சத்தமாகச் சொல்ல வேண்டும். மறு கைப்பிடியைப் பிடித்து வந்தவள் உப்புமீன் விற்கும் கல்லிஸ்தே. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் இல்லாததைச் சொல்ல மாட்டாள்.

ஒருநாள் சபை நடுவே அவள், விதவைக்குப் போக வேண்டிய ஒரு ரொட்டியை ஹெர்மியாஸ் சந்தை நடுவில் ஒரு மாலுமிக்குக் கொடுத்தான், சுற்றி நின்றவர்கள் அவனை வாழ்த்தினார்கள் என்று சொன்னாள். நடந்தது அதுதான். ஆனால் அவனுக்கு முகம் எரிந்தது. “என்னைத் திருடன்னு சொல்றியாக்கா?” என்றான். “பாத்ததைச் சொன்னேன். திருடன்னு நீதான்டா சொல்றே” என்றாள் அவள். சிலர் சிரித்துவிட்டார்கள். மறுவாரம் அவன் எழுந்து, தர்மத்தை மறைவில் செய்யும்படிதானே ஆண்டவர் போதித்தார், சாட்சி வைத்துக் கொடுப்பது, ஊர் மெச்சத் தர்மம் செய்யும் பரிசேயன் வேலை அல்லவா என்று உருக்கமாகப் பேசினான். ஆண்டவரின் பெயரைச் சொன்ன பிறகு எதிர்த்துப் பேச யாருக்கும் நாக்கு எழவில்லை. அவன் ஒரு கைப்பிடியை அறுத்துவிட்டு, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் போகத் தொடங்கினான். திரும்பி வந்து எதுவும் சொல்வதில்லை. மறைவாகச் செய்ததை எப்படிச் சொல்வது?

முதல் வருடம் தோல் பதனிடுபவனின் வீட்டுக் கதவு மட்டும் காணாமல் போயிற்று. தெரு மாறி வந்துவிட்டோம் என்று நினைத்து, ரொட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தான். அதை நாய்கள் தின்றன. இரண்டாம் வருடம் குயவர் தெரு முழுவதும் ஒரே சுவராகிவிட்டது. அங்கும் சுவரோரம் வைத்தான், அங்கும் நாய்கள் இருந்தன. கெங்கிரேயா நாய்கள் அந்த வருடம்போல் எந்த வருடமும் கொழுத்ததில்லை. உள்ளே இருந்தவர்கள், நம்மைவிட இல்லாதவர்களுக்குப் போகிறதாக்கும் என்று எண்ணிக் கேட்கக் கூச்சப்பட்டார்கள். தோல் பதனிடுபவனின் கிழட்டுத் தகப்பன் பட்டினியில் செத்துப்போனான். பாடையைத் தூக்கப் போன நால்வரில் ஹெர்மியாஸும் ஒருவன். மற்ற மூவரோடு போனபோது அந்த வீட்டில் கதவு இருந்தது, நீலச் சாயம் பூசி, ஒரு பக்கம் சாய்ந்து. அவன் அதன் வழியாக உள்ளே போய், கிழவனைச் சுமந்துகொண்டு அதன் வழியாகவே வெளியே வந்தான்.

அன்றே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. துணைக்கு ஒருவரைக் கூப்பிட்டால் போதும். ஆனால் கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், கிழவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் வருடம் அவனுடைய சொந்த வீட்டுக் கதவும் போயிற்று. துறைமுக மண்டபத்தில் படுத்துக்கொண்டான். சபை கூடும் வீட்டுக்குள் மட்டும் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிடுவான். வெளியில் படுப்பதைத் தவம் என்று நினைத்துச் சபையார் அவனை மேலும் மதித்தார்கள்.

“அண்ணே, இருக்கீங்களா?” மிர்த்தாலேயின் குரல் சுவருக்குள்ளிருந்து மெலிந்து வந்தது.

ஹெர்மியாஸ் ஒரு கல்லை எடுத்துச் சுவரை இடித்தான். பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பு ஈரமாக ஊறி மூடிக்கொண்டது. மறுபடி இடித்தான். விரல் கிழிந்தது. உள்ளே பிள்ளைகளின் முனகல்கூட இல்லை. கல்லைப் போட்டுவிட்டு, கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

கல்லிஸ்தேயின் மீன் கொட்டகைக்கும் கதவு இல்லை. நாற்றத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தான். உள்ளே ஜாடி தேய்க்கும் சத்தம் கேட்டது.

“அக்கா.”

“யாருடா அது, சுவரோட பேசறது?”

“ஹெர்மியாஸ்.”

“ஓ, பரிசுத்தவானா! தனியா வந்தீங்களா, தேவதூதருங்க யாராச்சும் கூட வந்திருக்காங்களா? வாங்க, கதவு தெறந்துதான் இருக்கு.”

“எனக்குத் தெரியலக்கா.”

தேய்ப்பது நின்றது. அவள் ஆச்சரியப்படவில்லை. “எந்தெந்த வீடு?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் தெருத் தெருவாகச் சொன்னான். சுவரோரம் வைத்த ரொட்டியைச் சொன்னான், நாய்களைச் சொன்னான், நீலக் கதவைச் சொன்னான். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

உள்ளிருந்து குரல் வந்தது. “செத்துப்போன அந்தப் பெரியவர் என்கிட்டக் கேட்டாருடா, ‘உங்க சபை என்னை மறந்துடுச்சா’ன்னு. ஹெர்மியாஸ் வந்திருப்பான், நீங்க தூங்கியிருப்பீங்கன்னு நான்தான் சொன்னேன். கை நீட்டி ரொட்டி கேட்ட மனுஷனை உனக்காகப் பொய்யன் ஆக்கினேன்டா.”

ஹெர்மியாஸ் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

“அக்கா, மிர்த்தாலே பிள்ளைங்க சத்தம் நின்னுபோச்சு. என்னைத் திட்டணும்னா நடந்துகிட்டே திட்டு. சபை நடுவுல எல்லாத்தையும் நானே சொல்றேன், ஒண்ண விட்டாலும் நீ எடுத்துச் சொல்லு. இப்ப மட்டும் வெளிய வந்து கூடையோட இந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கிறியா?”