நாற்பத்தோராம் பக்கத்துத் திமிங்கிலம்

அப்பாவின் பாய்மரப் படகில் ஒரு சட்டம் இருந்தது. காவல் முறை முடிந்து தூங்கப் போனவரை ஆபத்துக்கு மட்டுமே எழுப்பலாம். அழகுக்கு எழுப்பக் கூடாது. கண்டதைப் பதிவேட்டில் எழுதி வைத்தால் போதும், விழித்தவர் படித்துக்கொள்வார்.

அப்படித்தான் தங்கை தன் ஒன்பதாவது வயதில் ஒரு திமிங்கிலத்தைப் படித்தாள். "காலை 5.40. வலப்பக்கம் திமிங்கிலம். படகைவிடப் பெரிசு. பத்து நிமிஷம் கூடவே வந்தது." பதினாலு வயது அண்ணனின் கோழிக் கிறுக்கல். நாற்பத்தோராம் பக்கம். ஒரு பலகைக்கு அந்தப் பக்கம்தான் அவள் போர்வைக்குள் சுருண்டு கிடந்திருக்கிறாள். அன்றிலிருந்து அண்ணனுக்கு அவள் 'தூங்குமூஞ்சி'.

இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அண்ணன் பல் டாக்டர். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. படகைப் பார்த்துக்கொள்ள இருவருக்கும் நேரமில்லை. அக்கரையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். ஒன்பது நாள் ஓட்டிப் போய் ஒப்படைத்துவிட்டு விமானத்தில் திரும்ப வேண்டியதுதான். அதோடு அவர்களுக்குக் கடல் முடிந்தது.

அதற்குள் ஒரே ஒரு திமிங்கிலத்தையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. பார்த்தால் அண்ணனை எழுப்பப்போவதில்லை என்றும் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள். அவனும் படிக்கட்டும்.

"விடியற்காலை முறை எனக்கு" என்று முதல் நாளே பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துக்கோ. தூங்கி வழிஞ்சு கடல்ல விழுந்துடாதே, தூங்குமூஞ்சி. படகைத் திருப்பி வந்து உன்னைப் பொறுக்குற அளவுக்கு எனக்குக் கைவசம் வித்தை இல்ல."

"நீ பல்லைப் பிடுங்குறதோட நிறுத்திக்கோ."

ஆறு நாட்கள் போயின. ஒரு பறக்கும் மீன் அவள் மடியில் விழுந்து, நாலைந்து செதில்களை ஒட்டவைத்துவிட்டுத் துள்ளிப் போனது. ஒரு கடற்பறவை பாய்மர உச்சியில் அரை நாள் இளைப்பாறிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியது. திமிங்கிலம் மட்டும் வரவில்லை.

ஏழாம் நாள் விடியலில் காற்று அடியோடு நின்றது. பாய் துவண்டு தொங்கியது. கடல் எண்ணெய்போல் வழவழவென்று கிடந்தது. முன்பெல்லாம் இப்படி ஆனால் அம்மா, "யாரும் மூச்சு விடாதீங்க, காத்துக்கு வெட்கம் வந்திருக்கு" என்பாள். நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் சிரித்துத் தோற்பவர் எப்போதும் அப்பாதான்.

அப்போது வலப்பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். லாரி டயரில் காற்று இறங்குவதுபோல ஒரு சத்தம். சாம்பல் நிற முதுகு ஒன்று எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. அது ஊதிய நீர்த்தூவல் அவள் முகத்தில் பட்டது. அழுகிய மீன் வாடை. நாற்பத்தோராம் பக்கத்தில் இந்த வாடையைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது.

அவள் பதிவேட்டைத் தொடவில்லை. இவ்வளவையும் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், குதிகாலால் தளத்தை ஓங்கி மிதித்தாள்.

"அண்ணா! எழுந்து வா!"

சட்டம் தெரிந்தவன். ஆபத்து என்றே நினைத்து, உயிர்காப்பு உடுப்பைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். "எங்க ஓட்டை? தண்ணி ஏறுதா?"

அவள் விரலை நீட்டினாள். முதுகு மறுபடி எழுந்தது. தன் நோயாளிகளைப்போல அவன் வாயை ஆவென்று திறந்தபடி நின்றான்.

"இவ்ளோ நாறுமா?"

"உனக்குத்தான் தெரியுமே. பத்து நிமிஷம் கூடவே வந்துச்சே."

அவன் காது மடல் சிவந்தது.

"அன்னிக்கு நான் தூங்கிட்டேன்" என்றான் மெதுவாக. "அப்பா முதல் தடவையா என்னைத் தனியா விட்டிருந்தாரு. முழிச்சா மணி ஆறு. பக்கம் வெறுமையா இருந்துச்சு. ஏதாவது எழுதணுமேன்னு..."

இருபத்துமூன்று வருடம் அவள் பார்க்கத் தவறியதாக நினைத்திருந்த திமிங்கிலம் அன்று கடலிலேயே இல்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும். படிச்சிட்டு, 'அடுத்த தடவை அதோட கண்ணையும் பார்த்து எழுதுப்பா'ன்னாரு. அவ்வளவுதான்."

"அப்போ தூங்குமூஞ்சி யாரு?"

"சரி, ரெண்டு பேரும்."

திமிங்கிலம் மூன்றாம் முறை வந்தது, கை நீட்டினால் தொடும் தூரத்தில். ஒருக்களித்துப் படுத்தது. மடிப்பு மடிப்பான தோலுக்கு நடுவே கரும்பழுப்பில் ஒரு கண். அது அண்ணனைப் பார்த்தது, தங்கையைப் பார்த்தது. பிறகு இறங்கிப் போனது. அது இருந்த இடத்தில் நீரின்மேல் ஒரு தட்டையான வட்டம் நெடுநேரம் கலையாமல் கிடந்தது.

"போய்ப் படுண்ணா. உன் முறைக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

"போடி" என்று சொல்லிவிட்டு அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுபடி காற்று எழும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.