பன்னிரண்டு பழச் சீப்பு

நீர்வேலிச் சந்தையில், குலை வாங்க வந்த வியாபாரிகளுக்கு நடுவே ஒரு கதலிச் சீப்பைத் தூக்கிப் பிடித்துப் பழங்களை எண்ணிக்கொண்டு நின்றேன். பதினான்கு. வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். பதினொன்று. "என்ன அண்ணை, பவுன் நிறுக்கிற மாதிரிப் பாக்கிறியள்?" என்றான் சுதாகரன். காலையில்தான் என் குலைகளையும் சீப்புகளையும் வாங்கி லொறியில் ஏற்றியிருந்தான். "பன்னிரண்டு பழம் உள்ள சீப்பு ஒண்டு வேணும். மனிசிக்கு இண்டைக்குச் சோதினை" என்றேன். வாழைப்பழத்தில் என்ன சோதினை என்று அவன் விழித்தான். விளக்கிச் சொல்ல நேரமில்லை. மனைவி பார்த்துப் பார்த்து எடுத்து, சாக்கால் மூடி மூலையில் வைத்திருந்த சீப்பைத்தான் நான் அரைத்தூக்கத்தில் மற்றவற்றோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்து விற்றுத் தொலைத்திருந்தேன். எட்டரைக்கு அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கச் சொல்லிவிட்டு அவள் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

என் மனைவி அருந்ததிக்கு நாற்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் தாதியாக இருந்தவள். இடையில் வெளிவாரியாகப் படித்து ஒரு பட்டமும் எடுத்தாள். அது வந்த அன்றும் அவளுக்கு வேலை இருந்ததால் ஒரு பாயாசம்கூட வைக்கவில்லை. போன வருடம் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "நான் கல்வி டிப்ளோமா படிக்கப்போறன். ரீச்சராப் போகப்போறன்" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். சனி ஞாயிறு வகுப்பு, கிழமை நாட்களில் ஆஸ்பத்திரி. கற்பித்தல் பயிற்சி தொடங்கியதும் சம்பளமில்லாத லீவு. சமைக்க நான் குசினிக்குள் போனேன். என் குழம்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்தப் பொறுமை ஒன்றுக்கே ஒரு பட்டம் கொடுக்கலாம்.

பக்கத்துக் காணி சீவரத்தினம் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐஞ்சிலை வளையாதது ஐம்பதிலை வளையுமோ?" என்றார். "வாழை குலை போட்ட பிறகுதான் அண்ணை வளையிறது" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்ததில் எனக்கே ஆச்சரியம். அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

உள்ளே மட்டும் பயம் இருந்தது. அவள் பயிற்சி எடுக்கும் சின்னப் பள்ளிக்கூடத்தில், சித்தியடைந்தால் அடுத்த தவணையே வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் மதிப்பீட்டுக்கு முதல் தடவை வந்த விரிவுரையாளர் இராசசிங்கம் சேர் குறைந்த புள்ளி போட்டுவிட்டுப் போய்விட்டார். மணி அடித்தபோது திட்டமிட்ட பாடத்தில் பாதிதான் முடிந்திருந்ததாம். இன்று இரண்டாவதும் கடைசியுமான தடவை. இதுவும் பாதியில் நின்றால் அடுத்த வருடம் திரும்பவும் பயிற்சி. அதுவரை அந்த இடம் அவளுக்காகக் காத்திருக்காது.

அதனால் போன ஞாயிறு மத்தியானம் என்னையே மாணவனாக்கி ஒத்திகை பார்த்தாள். ஆறாம் வகுப்புப் பின்னம். மூன்றில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் கூட்ட வேண்டும். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே மூன்றும் நாலும் ஏழு. ஏழில் இரண்டு என்றேன். பிழை என்றாள். கொப்பியில் ஏதோ கீறி, பிரித்து, பெருக்கிக் காட்டினாள். "விளங்குதோ?" "ஓம், விளங்குது" என்றேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்துகொண்டிருந்தது.

அவள் பேனையை மூடி வைத்தாள். "இந்த ஓமை எனக்கு நல்லாத் தெரியும். சீனி வருத்தக்காரருக்கு இன்சுலின் ஊசி போடப் பழக்குவன். எல்லாரும் ஓம் மிஸி, ஓம் மிஸி எண்டுவினம். அடுத்த கிழமை அரை மயக்கத்திலை கொண்டு வருவினம். விளங்கேல்லை எண்டு சொல்ல வெக்கம். எனக்கு மனம் நோகும் எண்டும் நினைப்பினம். விளங்குதோ எண்டு கேட்டா ஒரு மனிசரும் இல்லை எண்டு சொல்லாயினம்." பேனையைத் திரும்பத் திறந்துகொண்டே, "ஒருத்தருக்கு உண்மையிலையே விளங்கிற நாளிலை முகம் மாறும். அதைப் பாக்கத்தான் எனக்கு ஆசை. அதுக்காகத்தான் படிக்கிறன்" என்றாள். பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். இந்த ஆசையை அன்றுதான் கேட்டேன்.

ஒருவழியாகப் பன்னிரண்டு பழச் சீப்பொன்று சுதாகரனின் லொறிக்குள் கிடைத்தது. என்னுடையதேதான். விற்ற விலையைவிடக் கூடக் கேட்டான். கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை முறுக்கினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாடம் தொடங்கி அரைவாசி நேரம் போயிருந்தது. வகுப்புக்கு அரைச்சுவர்தான். வெளியில் மாமர நிழலில் சீப்போடு நின்றேன். பிள்ளைகள் இருந்த கடைசி வாங்குக்குப் பின்னால் ஒரு கதிரையில் இராசசிங்கம் சேர் மடியில் கோப்போடு இருந்தார். அருந்ததி நீலக்கரைச் சேலையில் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். சீப்பு வராததால் சதுரங்கள் கீறிச் சமாளித்திருக்கிறாள் என்று தெரிந்தது. என் அரைத்தூக்கத்தை நானே திட்டிக்கொண்டேன்.

"பிள்ளையள், விளங்குதோ?"

"ஓம் ரீச்சர்!" முழு வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. கோயில் மணி கெட்டது போங்கள்.

சரி, தப்பினாள் என்று நினைத்தேன். அடுத்த கணக்குக்குப் போனால் நேரத்துக்குள் முடித்துவிடலாம். சேரும் நிமிர்ந்து ஏதோ குறித்தார். அவள் சோக்கை எடுத்தாள். எழுதப் போனாள். பிறகு சோக்கைத் திரும்ப வைத்துவிட்டு, பிள்ளைகளின் பக்கம் திரும்பினாள். வைக்காதையும், எழுதும், எழுதும் என்று என் மனம் கத்தியது.

"எங்கை விளங்கேல்லை?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் சிரித்த முகத்தோடு நின்றாள். சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். இவ்வளவு காலம் விழுந்தெழும்பிப் படித்ததெல்லாம் அந்த மௌனத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. சேலைத் தலைப்பை அவள் விரலில் சுற்றிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். ஆனாலும் அவசரப்படவில்லை. நோயாளியின் கட்டிலருகே நிற்கிறதைப்போல நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடப் பெருமையாக இருந்தது.

முன்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை கையைப் பாதி உயர்த்தியது. "ரீச்சர்... ஏன் மூண்டையும் நாலையும் கூட்டி ஏழு எண்டு போடக்கூடாது?"

எனக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. என் சந்தேகம் அச்சொட்டாக அதுதான்.

"நல்ல கேள்வி, கீர்த்திகா. இன்னும் ஆருக்கு உது விளங்கேல்லை?" ஒரு கை. இரண்டு கை. பிறகு முக்கால்வாசி வகுப்பும் கையை உயர்த்தியது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் பிள்ளைகள் பரிசு கொடுத்தார்கள் என்றுதான் நினைப்பீர்கள். அப்போதுதான் என்னைக் கண்டாள்.

"ஐயா, உந்தச் சீப்பைக் கொஞ்சம் உள்ளுக்குக் கொண்டு வாறியளோ?"

நான் ஐயாவாம். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவசரமாக இறக்கிவிட்டேன். "ஓம் ரீச்சர்" என்றேன். அந்தச் சொல் அவளைப் பார்த்து என் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு கணம் அவள் கண் கீழே போனது. சீப்பை மேசையில் வைத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நின்றேன்.

கீர்த்திகாவை முன்னால் கூப்பிட்டாள். "இதிலை மூண்டிலை ஒரு பங்கைப் பிரிச்சு வையும் பாப்பம்." பிள்ளை எண்ணி யோசித்து, நாலு பழத்தைப் பிரித்து மேசையில் வைத்தது. "முழுச் சீப்பிலை நாலிலை ஒரு பங்கு எவ்வளவு? அதையும் பிரிச்சு வையும்." பிரித்ததையும் சீப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூன்று பழம் எடுத்தது. "இப்ப எத்தினை?"

"ஏழு ரீச்சர்."

"எத்தினையிலை ஏழு?"

மணி அடித்தது. பக்கத்து வகுப்புகளில் வாங்குகள் இழுபட்டன. அடுத்த பாடத்து ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். கரும்பலகையில் அவள் எழுதி வைத்திருந்த கணக்குகளில் மூன்று இன்னும் தொடப்படவில்லை. இராசசிங்கம் சேர் கோப்பை மூடினார், பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

கீர்த்திகா மேசையையே பார்த்துக்கொண்டு நின்றது. விடை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கீழே இருக்க வேண்டியது ஏழில்லை என்று, ஆறாம் வகுப்பை விட்டு இத்தனை வருடத்துக்குப் பிறகு, எனக்கு உண்மையாகவே விளங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அருந்ததி சொல்லிக் கொடுக்கவில்லை. மணி அடித்ததே கேளாதவள்போல அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேர் இரண்டு அடி நடந்தார். பிள்ளையைப் பார்த்தார். வாசலில் நின்ற ஆசிரியருக்குக் கையால் பொறுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், சத்தம் வராமல் கதிரையை இழுத்து, பை தோளிலேயே கிடக்க, திரும்பவும் அதில் அமர்ந்தார்.

கீர்த்திகா பிரித்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை இருந்த இடத்திலேயே சீப்போடு பொருத்தி வைத்து, முழுச் சீப்பையும் எண்ணத் தொடங்கியது.